நீலக் காரில் ஒரு சாம்பல் பொட்டு

எழுபதுகளின் கடைசியில், நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், பங்களாவில் வேலை செய்துகொண்டிருந்தபோது இது நடந்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பூனாகலையில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. அதன்பிறகு லொறியில் கிளீனர், பண்டாரவளையில் பேக்கரி, வெலிமடையில் உருளைக்கிழங்கு மூட்டை என்று பல வேலைகள். எங்கேயும் முழுதாக ஒரு வருஷம் இருந்ததில்லை. என்னைத் துரத்தினார்கள் என்று சொல்ல முடியாது. ஏதாவது உடைந்தால், ஏதாவது காணாமல் போனால், என்னிடம் கேள்வி வரும் முன்பே நான் அடுத்த ஊரில் இருப்பேன்.

பங்களாவில் என் வேலை தரையைப் பார்ப்பது. அந்தக் காலத்துப் பங்களாக்களில் எல்லாம் சிவப்புச் சிமெந்துத் தரைதான். காலையில் கூட்டித் துடைத்து, சிவப்பு மெழுகைப் பூசி, காய்ந்த பிறகு தேங்காய் மட்டையால் தேய்க்க வேண்டும். முழுத் தேங்காயை மட்டையோடு குறுக்கே பாதியாக வெட்டினால் அது ஒரு பிரஷ் மாதிரி ஆகிவிடும். வெட்டிய பக்கத்தைத் தரையில் வைத்து, மேலே ஒரு காலை வைத்து, இடுப்பை ஆட்டி ஆட்டித் தேய்க்க வேண்டும். நான் தேய்த்த வராந்தாவில் குனிந்து பார்த்தால் முகம் தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த வருஷம்தான் துரை புதுக் கார் வாங்கினார். வெளிநாட்டுக் கார்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த நேரம். கருநீலம். பதுளை டவுனில் நிறுத்தினால் ஆட்கள் கடையை விட்டு இறங்கி வந்து பார்ப்பார்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் காருக்கு மெழுகு போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மலைச் சேறும் பனியும் பெயின்டைத் தின்றுவிடும் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, ஒரு திங்கட்கிழமை துரை ரயிலில் கொழும்புக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் திரும்பி வருவார். டிரைவர் காரோடு பதுளை ஸ்டேஷனில் நிற்க வேண்டும்.

டிரைவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான்கு பெண் பிள்ளைகள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தள்ளி, இரண்டு அறையும் சொந்தக் குழாயும் உள்ள வீடு அவருக்கு. வேலை போனால் வீடும் போகும். போன வருஷம் தோட்டத்து ஜீப்பைப் பாலத்துச் சுவரில் உரசிவிட்டார். இன்னொரு தடவை வண்டியில் கீறல் விழுந்தால் வீட்டைக் காலி பண்ணிக்கொள் என்று துரை அன்றைக்கே சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய இரண்டாவது மகளுக்குக் காய்ச்சல் கூடி, உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொழுந்து லொறி போகத் தயாராக நின்றது. அவர் மெழுகு டின்னை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, ரெண்டு தடவ பூசி, காஞ்ச பொறகு நல்லாத் தேச்சு எடுத்துரு. ஒனக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா? தரையவே கண்ணாடி மாதிரி வச்சிருக்க."

அவ்வளவுதான் சொன்னார். லொறி போய்விட்டது.

எனக்குத் தெரிந்த மெழுகு ஒன்றுதான். காரை வெயிலில் தள்ளி நிறுத்தி, பானட், கூரை, கதவுகள் எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் தாராளமாகப் பூசினேன். காயட்டும் என்று போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மெழுகு வெள்ளையாக இறுகிப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. துணியால் துடைத்தேன், வரவில்லை. அழுத்தித் துடைத்தேன், அப்போதும் வரவில்லை. தரையில் இப்படிப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வேன்? மட்டையை எடுப்பேன். புதுத் தேங்காயாகப் பார்த்து வெட்டி, நல்ல நார் மட்டையாக எடுத்துக்கொண்டேன். சோம்பலில் செய்த வேலை என்று யாரும் சொல்ல முடியாது. வியர்த்து ஊற்ற ஊற்றத் தேய்த்தேன். பானட் முடிந்து, கூரை முடிந்து, ஒரு பக்கக் கதவும் முடிந்தது.

அப்போது மேகம் விலகி, வெயில் நேராகப் பானட்டில் விழுந்தது.

நூற்றுக்கணக்கான கீறல்கள். வட்ட வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக. பத்துப் பூனைகள் ஒன்றாக ஏறிச் சண்டை போட்டது மாதிரி இருந்தது. மட்டை என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

சமையல்கார அப்பு குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தொரை வர்றதுக்குள்ள எந்த ஊருக்குப் போறதா உத்தேசம்?" என்று கேட்டார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும்.

மாலையில் டிரைவர் வந்தார். மகளை வார்டில் சேர்த்து, தாயைத் துணைக்கு விட்டு, மழையில் நனைந்து வந்திருந்தார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏன்டா, இது காருடா. நீ ஏறி நின்னு ஆடுறதுக்கு வராந்தாவாடா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அது கோபத்தை விட மோசமாக இருந்தது. பிறகு தனக்குத்தானே, "நாலு புள்ளைகளையும் கூட்டிக்கிட்டுத் தம்பி காம்பராவுக்குத்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டார். லயத்தில் அவர் தம்பிக்கு இருந்ததும் ஒரே அறைதான். அதில் ஏற்கனவே ஆறு பேர்.

மறுநாள் விடியலில் என் துணிப் பையோடு முதல் பஸ்ஸில் ஏறினேன். உண்மையைச் சொல்ல வேண்டும். ஏறும்போது எதற்கு ஏறினேன் என்று எனக்கே நிச்சயமில்லை. பையைக் கொண்டுபோனது பழக்கத்தில். பஸ் பசறைப் பாதையில் வளைந்து இறங்க இறங்க, ஆஸ்பத்திரி வார்டில் கிடக்கிற பிள்ளை வீடு திரும்பும்போது வீடு இருக்குமா என்ற நினைப்பு விடவேயில்லை. பதுளையில் இறங்கி, வேறு பஸ் பார்க்காமல், பெயின்ட் அடிக்கிற கராஜ் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

கராஜில் பெயின்ட் வேலை செய்தவன் ஒரு முஸ்லிம். பையன் என்றுதான் சொல்ல வேண்டும், என்னை விட இரண்டு மூன்று வயது குறைவு. நான் நடந்ததைச் சொன்னதும் கையிலிருந்த பெயின்ட் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அங்கே நின்றவர்களையும் கூப்பிட்டு, "இந்தா, இவர் காருக்குத் தேங்கா மட்டை போட்டவர்" என்று என்னை அறிமுகப்படுத்தினான். நான் அசையாமல் நின்றேன். சிரித்து முடித்ததும் கேட்டான்.

"கீறல்ல நெகத்த வச்சு இழுத்துப் பாத்தீங்களா? மாட்டுதா?"

"மாட்டல."

"அப்ப மேல்தோல்தான் போயிருக்கு. எடுக்கலாம். மெஷின் இல்லாமக் கையால எடுக்க மூணு நாள் போகும். பொறுமை இருக்கா?"

மேலே தோட்டத்துக்குத் தன்னால் வர முடியாது என்றான். ஒரு லொறிக் கதவை உப்புத்தாளால் தேய்த்துத் தந்தால், கீறல் எடுக்கிற பசையில் ஒரு டின் தருவதாகச் சொன்னான். மத்தியானம் வரை தேய்த்தேன். கூடவே சில விஷயங்களும் சொன்னான். நிழலில் செய்ய வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரு நேரத்தில் தொடக்கூடாது. பழைய பனியன் துணியை நனைத்து, வட்டமாக இல்லாமல் நேராகத் தேய்க்க வேண்டும். பானட்டில் மடிப்பு விழுகிற விளிம்பில் பெயின்ட் மெல்லிசு, அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

நான் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்ததைப் பார்த்து அப்பு வாயைப் பிளந்தார். டிரைவர் டின்னைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு இரண்டு பழைய பனியன்களைக் கொண்டுவந்தார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்கள் போகிற சத்தம் கேட்கும்போதே கார்க் கொட்டகையில் நின்றேன். உள்ளங்கை அகலம், அடுத்த உள்ளங்கை அகலம். விரல் நுனித் தோல் உரிந்தது. தோளைத் தூக்க முடியவில்லை. ஆனால் கீறல்கள் போயின. முதல் நாள் கூரை, இரண்டாம் நாள் கதவு, மூன்றாம் நாள் பானட். டிரைவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நேரம் போக, மறுபக்கத்தில் நின்று அவரும் தேய்த்தார். மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வெள்ளிக்கிழமை சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம் ஒரே ஒரு கீறல் மிச்சம். பானட்டின் மடிப்பு விளிம்பிலேயே, அரை விரல் நீளம். "விட்ரு தம்பி, போதும்" என்றார் டிரைவர். எனக்கு விட மனமில்லை. இவ்வளவு எடுத்தவனுக்கு இது ஒன்றா என்ற வீம்பு. டேப்பை உரித்துவிட்டுத் தேய்த்தேன். கீறல் போனது. கூடவே நீலமும் போனது. கட்டைவிரல் நகம் அளவுக்கு உள்ளேயிருந்து சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்பு உள்ளே போய், துரையின் கறுப்புச் சப்பாத்துப் பாலிஷைக் கொண்டுவந்து அந்த இடத்தில் தடவி ஊதிவிட்டார். நம்பினால் நம்புங்கள், கண்ணை வைத்துத் தேடினாலொழியத் தெரியவில்லை. அதன் மேல் மெழுகும் போட்டோம், இந்தத் தடவை நிழலில், மெல்லிசாக, மெத்தென்ற துணியால். கார் கடையில் நின்றபோது கூட அப்படி மின்னியிருக்காது. "மழை விழுந்து கரையுறப்ப பாத்துக்கலாம்" என்றார் அப்பு. டிரைவர் தலையாட்டினார். பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள், அவருக்கு அதைத் தவிர வேறு யோசனை ஓடவில்லை.

எனக்கு ஓடியது. மழை வரும். பாலிஷ் கரையும். அப்போது நான் எந்த ஊரில் இருப்பேனோ. காரின் பக்கத்தில் நிற்கப்போவது அவர் ஒருவர்தான். கீறல் விழுந்தது ஒரு குற்றம், அதை மறைத்தது இன்னொரு குற்றம் என்று இரண்டும் அவர் தலையில் விழும்.

காலையில் அவர் காரை எடுக்கும்போது முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ எதுக்குடா ஸ்டேஷனுக்கு?"

"பெட்டி தூக்க" என்றேன்.

துரை இறங்கி வந்தார். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சுற்றி வந்து, "ஷோக்கா இருக்கே" என்றார். டிரைவர் பின் கதவைத் திறந்துகொண்டு நின்றார். அந்த ஒரு நிமிஷத்தில் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். என் கால் நடுங்கியது. பானட்டின் முன்னால் போய், அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் துடைத்தேன். கறுப்பு விரலில் ஒட்டிக்கொண்டது. சாம்பல் பொட்டு தெரிந்தது.

"தொரை, இது என் வேலைங்க. அண்ணன் அன்னைக்கு மகள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தாரு. தேங்கா மட்டையால தேச்சுக் கீறல் போட்டதும் நான்தான், இந்த எடத்துல பெயின்ட்ட எடுத்ததும் நான்தான்."

"மட்டையா?" என்றார் துரை. குனிந்து பொட்டைப் பார்த்துவிட்டு மறுபடியும், "தேங்கா மட்டையா?"

டிரைவர் பின் கதவைப் பிடித்தபடியே, "வேலைய அவன்கிட்ட ஒப்படைச்சது நான்தாங்க தொரை" என்றார். அவர் வாயைத் திறப்பார் என்று நான் நினைக்கவில்லை.

துரை சிரிக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. என்னைப் பார்த்து, "நீ இனி பங்களாவுக்கு வராத" என்றார். ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார் போய்விட்டது. பையைக் கூட எடுக்காமல் நான் ஸ்டேஷன் வாசலில் நின்றேன்.

வேறு போக்கிடம் இல்லை. அந்தக் கராஜுக்கே போனேன். "என்ன, இன்னொரு டின் வேணுமா?" என்றான் அந்தப் பையன். வேலை வேண்டும் என்றேன். ஒரு உப்புத்தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தான். தேய்க்கிற வேலைதான். ஆனால் தேய்க்கும்போதெல்லாம் அந்த வீடு இருக்கிறதா, காலியா என்ற கேள்விதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மேலே போய்க் கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஒரு மாதம் இருக்கும். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், கருநீலக் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. யார் ஓட்டுகிறார் என்று மழையில் தெரியவில்லை. கண்ணாடி இறங்கியது.

"என்னடா பாக்குற? நான்தான் இன்னும் ஓட்டுறேன்" என்றார் டிரைவர். "தொரை ஒரு வாரம் எங்கூட பேசல. அப்புறம் கூப்பிட்டு, இனி இந்தக் கார நீ மட்டும்தான் தொடணும்னு சொன்னாரு. இந்தா ஒன் பை. இப்ப இந்தப் பொட்டுக்கு நீலம் அடிச்சுக் குடு."

மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்றும் சொன்னார். நான் பொட்டைச் சுற்றி டேப் ஒட்டினேன், கராஜ் பையன் பெயின்ட் அடித்தான். காய்வதற்குள் டிரைவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பெயின்ட் வேலையிலேயே இத்தனை வருஷம் போய்விட்டது. இன்றைக்கும் என் கையால் ஏதாவது பிழையாகிப் போனால், வண்டிக்காரர் கண்டுபிடிக்கும் முன்பே அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டிவிடுகிறேன். காட்டும்போது கால் அன்று போலவே நடுங்கத்தான் செய்கிறது, ஆனால் நடுங்கிக்கொண்டே சொல்லிவிடலாம் என்பது எனக்கு அந்தப் பதுளை ஸ்டேஷன் வாசலில் தெரிந்துபோயிற்று.