எனக்குத் தெரிஞ்ச டச்சு

பேக்கிங் லைன்ல நின்னுக்கினு இருந்த என்னை மாடி ஆபீஸ்ல உட்கார வெச்சது டச்சு பாஷை. நாட்றம்பள்ளியிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ்ல வர்றப்போ, போறப்போ, போன்ல ஒரு ஹாலந்து டீச்சரோட பாடத்தைக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கினேன். எங்க ஷூவை வாங்குறவங்க பெல்ஜியத்துக்காரங்க, அங்கேயும் பாதிப் பேர் பேசுறது டச்சுதான். "பாஷை தெரிஞ்ச பொண்ணு, மேல வரட்டும்"னாரு மேனேஜர். ஆறு மாசம் பார்ப்போம், சரிப்படலன்னா திரும்ப லைனுக்குத்தான்னும் சொன்னாரு.

ஒரு சனிக்கிழமை, சரக்கைப் பார்த்து அனுப்ப அங்கேருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாரு. என்கிட்ட நிறுத்தி நிதானமா பேசினாரு, எல்லாம் புரிஞ்சுது. பெருமை தாங்கல எனக்கு. அப்புறம் ஒரு ஷூ பெட்டியைக் கையில வெச்சுக்கினு ஊருக்குப் போன் போட்டாரு. அது வேற டச்சு. வார்த்தையில பாதியை முழுங்கிட்டு, ஒரு ராகம் வேற. ஒரு எழவும் புரியல. டிவி நியூஸைக் கேட்டுத் தமிழ் கத்துக்கினவனை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல விட்ட மாதிரி முழிச்சேன்.

"இன்னாமா சொல்றாரு?"ன்னாரு மேனேஜர். வெளியே கண்டெய்னர் நிக்குது, அவருக்கு அவசரம். இன்ஸ்பெக்டர் போன்ல சிரிச்சுக்கினு இருந்தாரு. "ஓகேவாம் சார்"னேன். கார்ட்டனுக்கெல்லாம் டேப் ஒட்டிட்டாங்க.

போனை வெச்சதும் இன்ஸ்பெக்டர் இங்கிலீஷ்ல சொன்னாரு: பெட்டிக்குள்ள போட்டிருக்கிற ஈரம் உறிஞ்சுற பாக்கெட்டை ஒண்ணு விடாம எடுக்கணும், இல்லன்னா சரக்கு ஏறாது. டேப் ஒட்டின கார்ட்டனையெல்லாம் திரும்பப் பிரிக்கணும்னு ஆகி, லைன் ஆளுங்களுக்கு அரை நாள் லீவு போச்சு. "பேச்ச மாத்திட்டான் பாரு"ன்னு மேனேஜர் அவரைத்தான் திட்டினாரு.

டீ குடிக்கிறப்போ இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டேன், போன்ல பேசினது எந்த பாஷைன்னு. "அதுவும் டச்சுதான், எங்க ஊர்ப் பக்கத்து ஃப்ளெமிஷ். நாங்க இப்படிப் பேசினா ஹாலந்து டிவியில கீழ எழுத்துப் போடுவாங்க"ன்னு சிரிச்சாரு. ஹாலந்துக்காரனுக்கே புரியாதாம். எனக்குப் புரிஞ்சிடுச்சாம்! வெக்கமா போச்சு.

கீழ இறங்கிப் போயி நானும் பெட்டியைப் பிரிச்சேன். முன்னே லைன்ல என் பக்கத்துல நின்ன தோஸ்த்கிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன். மத்தியானம் பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போக இருந்தவ அவ. கையை நிறுத்தாமயே கேட்டா: "ஏன்டி, புரியலன்னு சொல்றதுக்கு எந்த பாஷை வோணும்?"

கையில இருந்த பாக்கெட்டோட மாடி ஏறினேன். மேனேஜர் டேபிள் மேல அதை வெச்சேன்.

"சார், அவரு பேச்ச மாத்தல"ன்னேன்.