நைட்ரஜன் தலைமேல் இரண்டு புள்ளி

திண்டிவனத்தில் நான் வேதியியல் நடத்திய வருடங்களில், அம்மோனியாவை வரையச் சொன்னால் பாதி வகுப்பு ஒரே தப்பைத்தான் செய்யும். மூன்று ஹைட்ரஜனோடு பங்கிட்ட எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக ஒழுங்காகப் போட்டுவிட்டு, நைட்ரஜன் தலைமேல் பங்கிடாமல் இருக்கும் ஜோடியை விட்டுவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அது யாரோடயும் சேரலையே மிஸ், அத்த எதுக்குப் போட்டுக்கினு?” என்றாள் ஒரு வருடம் ஒருத்தி.

“சேரலைன்னா இல்லன்னு ஆயிடுமா? அந்த ரெண்டும் தள்ளுறதாலதான் மத்த மூணும் நெருங்கி நிக்குது” என்று கத்தினேன்.

அந்த வருடம் அம்மா இறந்துபோனாள். காரியம் முடிந்து விழுப்புரம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவுக்குப் பக்கத்தில் தம்பி தன் இலையைப் போட்டான்.

“அங்க வேணாம்பா. அது உங்கம்மா எடம்” என்றார் அப்பா.

தம்பி இலையை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். அவனும் அக்காவும் நானும் முழங்கால் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்து சாப்பிட்டோம். எதிரே அப்பாவும் அந்த வெற்றிடமும்.

விடுப்பு முடிந்து வகுப்புக்குப் போனேன். மறுபடியும் பாதிப் பேர் அந்த ஜோடியை விட்டிருந்தார்கள். யாரையும் திட்டவில்லை. பெஞ்சு பெஞ்சாகப் போய், அந்த இரண்டு புள்ளியையும் நானே வைத்துவிட்டு வந்தேன்.