ஒரு பிடி பாலாற்று மணல்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைத்து, எடுத்த பேனாவைக் கீழே வைத்திருக்கிறேன். படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான். நான் பயந்தது தண்ணீரே இல்லாத ஆற்றுக்கு.

விரிஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், ஒரு நாள் பாலாற்று மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மேற்கே எங்கோ பெய்த மழை திடீரென்று வெள்ளமாக வந்து இடுப்பு வரை ஏறிவிட்டது. அந்த வழியாகத் தோல் ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். குடம் போனது போனதுதான். அதற்கப்புறம் நான் ஆற்றில் காலே வைக்கவில்லை.

அப்படியிருக்க, ஒரே மகளை அக்கரையில் கொடுக்க நேர்ந்தது. நல்ல சம்பந்தம், என் பயத்துக்காக விட முடியுமா? அவள்தான் வந்து வந்து என்னைப் பார்ப்பாள். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் ஆயிற்று. இரண்டாவது அவள் மாமியார் வீட்டில் என்று பேச்சு.

"வலி எடுத்தா நீ வருவியா மாட்டியாம்மா? அத மட்டும் சொல்லு" என்று கேட்டாள்.

எங்களோடு இருந்த நாத்தனாருக்குத் துடுக்கு வாய். "ஆடு மாடெல்லாம் தாண்டிக்கினு போவுது. உங்களுக்கு மட்டும் இன்னா அண்ணி?" என்றாள். நான் அழுததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "செரி, தாண்ட வேணா. பித்தள தேய்க்க மணல் இல்ல. கரையாண்டயே குனிஞ்சி ஒரு பிடி அள்ளிக்கினு வாங்க, போதும்."

மறுநாள் வழித்துணைநாதரைக் கும்பிட்டுவிட்டுப் போனேன். வழிக்கெல்லாம் துணை வருகிற சாமி இரண்டு அடிக்கு வரமாட்டாரா? ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். நெஞ்சு படபடத்தது. ஆனால் சொம்பு பளபளத்தது! இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் மணல் சுத்தமாக இருக்குமே என்று அடுத்த நாள் தோன்றியது. இப்படி மணலுக்காகப் போய்ப் போய், பழைய ஊற்று வரைக்கும் போய்விட்டேன்.

மாசி மாதம் ஒரு காலையில், மகளுக்கு வலி கண்டுவிட்டதென்று ஆள் வந்தது. வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தில் வேலையாக இருந்தார். தனியாகக் கிளம்பினேன். ஊற்றைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. தினமும் செய்வதையே செய்தேன். குனிந்து ஒரு பிடி மணல் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன். நிமிர்ந்தேன். கால் நடந்தது.

குழந்தை பிறக்குமுன்னே போய்ச் சேர்ந்தேன். மகள் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. பேத்தி பிறந்தபிறகு முந்தானை முடிச்சு அவிழ்ந்து மணல் கொட்டியது.

"இன்னா சம்பந்தி! நெய்யும் வெல்லமும் வரும்னு பாத்தா, மணல் கொணாந்துகிறீங்க?" என்றாள் சம்பந்தியம்மாள். படுத்திருந்த மகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போதும் மலைப்பாக ஒரு காரியம் எதிரே வந்தால், அதில் இன்றைக்கு ஒரு பிடி எவ்வளவு என்றுதான் பார்க்கிறேன். மிச்சத்துக்கு அந்த வழித்துணைநாதர் துணை வருவார். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். கேட்க நன்றாயிருக்கட்டும் என்று ஆற்றில் வெள்ளம் விட்டுவிடாதீர்கள். நான் தாண்டியது காய்ந்த மணலைத்தான்.