தனி ரூமுக்குப் போய்ப் பேசணுமாம்

இரண்டு மாதமாக என் பேத்திக்குத் தூக்கமில்லை. இன்று அவளே மனநல ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டாள்.

"தனி ரூமுக்குப் போய்ப் பேசும்மா" என்றார்கள்.

எங்கள் வீடே ஒரு ரூம்தான். எல்லோரையும் வெளியே துரத்திவிட்டு, நான் வாசலில் காவல் நின்றேன்.

எதிர்வீட்டு மேரி ஓடிவந்தாள். "இன்னா நைனா, குடும்பமே வெளில நிக்குது? யார்னா பூட்டாங்களா?"

"யாரும் சாவல. புள்ள உள்ள டாக்டராண்ட பேசிகினு கீது. நீ போம்மா."

"டாக்டரா? புள்ளைக்கு இன்னா?"

இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். மாலைதான் வாங்கி வரவில்லை.

பேத்தி போனை வைத்துவிட்டாள். "வுடு தாத்தா. இங்க பேச முடியாது."

திருவொற்றியூரில் ஒரு பெண் அரைமணி நேரம் தனியாகப் பேச இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடற்கரை என்று மட்டும் எழுதாதீர்கள். அவளை அங்கே தனியாக அனுப்ப எனக்குத் தைரியமில்லை.