அக்காவின் சுறாப் புட்டு

மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. சமையலறையில் பால் சுறா வேகும் வாசனை வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

எண்பதுகளில், தாம்பரம் வீட்டில், பிரசவித்த அக்காவுக்காக அம்மா சுறாப் புட்டு செய்து வைத்திருந்தாள். எட்டு வயதில் நான் அதைச் சட்டியோடு காலி செய்துவிட்டேன்.

"அடப்பாவி! தாய்ப்பால் நல்லா சுரக்கணும்னு செஞ்சதுடா அது!" என்று அலறினாள் அம்மா.

அக்கா, கதறிய குழந்தையை என் மடியில் போட்டாள். "தின்னது நீதானே? இனிமே நீயே பால் குடு."

அப்படியானால் எனக்கே பால் சுரந்துவிடுமா? பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வேன்?

"ஐயோ, எனக்கு வேணாம்க்கா! பாக்கெட் பால் வாங்கிக் குடுக்கா!"

மூன்று நாள் தாம்பரம் வெயிலில் ஸ்வெட்டரோடு அலைந்தேன்.

"என்னங்க, உப்பு சரியா இருக்கான்னு பாருங்க," என்று கரண்டியை நீட்டினாள் மனைவி.

நாற்பத்தெட்டு வயதுக்காரன், வாசலுக்கே ஓடிவிட்டேன்.