அவளுக்குத் தெரிந்த தமிழ்

வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் குடியிருந்த வீட்டை நினைத்தால் முதலில் வருவது வெளிச்சம்தான். கோடையில் எட்டு மணி வரைக்கும் இருட்டாது. பின்வளவில் குடைபோல விரிந்த துணிக்கொடி காற்றுக்குத் தானாகச் சுற்றும். அதில் அம்மாவின் ஆஸ்பத்திரி வேலை உடுப்பு நீலமாகக் காயும். ரயில் சத்தம் வந்து தேய்ந்துபோக, பூச்சிகளின் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அந்த மாலைகளுக்கு நடுவே இரவு வந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் ஒரே நீண்ட மாலையாகத்தான் இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம் நிற்கிறது.

பலகை வேலியில் ஒரு பலகை இல்லை. அந்த இடைவெளியால்தான் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளை வந்து போவாள். இரண்டு பேருக்கும் ஏழு வயது. அவளுக்கு முகமெல்லாம் புள்ளி, முன்பல் இல்லை. பெரிய விளையாட்டு என்று ஒன்றும் கிடையாது. தண்ணீர்க் குழாயைப் புல்லில் ஓடவிட்டு, பக்கத்தில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்போம். முதுகு நனைந்ததும் எழும்பிக் கொஞ்சம் தள்ளிப் படுப்போம்.

எங்கள் வீட்டில் "போறன்" என்ற சொல்லுக்குத் தடை. வாசலைத் தாண்டும்போது யாராவது வாய் தவறிச் சொன்னால் அம்மா விடமாட்டார்.

"போறன் எண்டு சொல்லாதை. வாயைக் கழுவிப்போட்டுத் திருப்பிச் சொல்லு."

குப்பைத்தொட்டியைத் தெருவில் வைக்கப் போனாலும் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்லவேண்டும். ஊரில் அம்மாவின் தம்பி ஒரு நாள் கோபத்தில் "போறன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தவர், பிறகு வரவேயில்லை. அதற்கு மேல் அம்மா சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ஆகவே, முதல் நாள் விளையாடி முடிந்ததும் நான் அவளிடம் "ஐ கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். மொழிபெயர்ப்பில் எனக்கு அவ்வளவு கெட்டித்தனம். அவள் பாவம், தங்கள் பின்படியில் உட்கார்ந்து, தாய் வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்தாளாம். அடுத்த நாள் வேலிக்குள்ளால் தலையை நீட்டி, வருவதாகச் சொல்லி ஏன் ஏமாற்றினாய் என்று சண்டைக்கு வந்தாள்.

எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தமிழில் அப்படிச் சொன்னால் சொன்னவர் திரும்பி வந்தே ஆகவேண்டும், அது ஒரு மந்திரம் என்று அளந்துவிட்டேன். அன்றிலிருந்து அவளும் வேலியைத் தாண்டும்போதெல்லாம் "போட்டு வாரன்" என்பாள். எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் "ற" அவளுக்கு வரவில்லை. குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும் அம்மா ஜன்னலால் சிரித்து, "ஓம் பிள்ளை, போட்டு வாங்கோ" என்பார். கையில் ஒரு வடையும் கிடைக்கும். சொல்லக் கூடாத சொல்லையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கெட்ட வார்த்தை மாதிரி அதை என் காதுக்குள் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

கோடை முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை காலை, அவளுடைய அப்பா காரில் பெட்டிகளை ஏற்றினார். தாய் வெளியே வரவில்லை. அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் "பாய்" என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்து, எங்கள் சொல்லை அவருக்கு மூன்று தரம் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெரிய மனிதர் தட்டுத்தடுமாறி "போட்டு வாரன்" என்றார். உடனே கையை எடுத்துவிட்டாள். முன்வளவில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் அவள் தங்கள் முன்படியில் இருந்து தெருவைப் பார்த்தாள். மந்திரம் எல்லாம் நான் விட்ட கதை என்று சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை. ஒரு நாள் அவள் என் அம்மாவிடமே ஆங்கிலத்தில் கேட்டாள்: அன்ரி, அப்படிச் சொன்னவர்கள் கட்டாயம் வருவார்கள்தானே?

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வரவேணும் எண்டுதான் சொல்லுறது, பிள்ளை" என்றார் தமிழில்.

அவளுக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

குளிர்காலத்தில் அவர்கள் வீடும் விலைப்பட்டது. அவளும் தாயும் மெல்பர்னுக்குப் புறப்பட்ட காலை, நானும் அம்மாவும் தெருவோரம் நின்றோம். அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"சொல்லு" என்றேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"போறன்" என்றாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு "ற" சரியாக வந்தது. அம்மா வாயைக் கழுவச் சொல்லவில்லை.