ஏரித் தண்ணீர் வீக்கம்

நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதி, அதன்மேல் நீல மையில் ஒரு கோடு. பக்கத்திலேயே நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு எழுத்தைவிட எண்கள் சீக்கிரம் பிடிபடும். ஆஸ்பத்திரி நோட்டின் அந்த ஒரு வரி இத்தனை வருடம் கழித்தும் கண்ணில் நிற்கிறது.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அப்போது நான் ஆயா. தற்காலிக வேலைதான். நாளைக்கு வராதே என்று யார் வாயிலிருந்து எப்போது வருமோ என்று பயந்துகொண்டேதான் தினமும் தரையைத் துடைப்பேன். நர்சிங் படிக்கும் பெண்கள் அங்கே பயிற்சிக்கு வருவார்கள். அவர்களுடைய பயிற்சி நோட்டில் எங்கள் சிஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சைக்குப் போக முடியும். அது சிஸ்டருக்கும் தெரியும். டீ வாங்கிவரச் சொல்வார், தன் மகளின் பள்ளி நோட்டில் படம் வரையச் சொல்வார். அந்தப் பெண்களும் முகம் சுளிக்காமல் செய்வார்கள்.

கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் ஏரியிலிருந்து நேராக வருவார்கள். ஈரப்புடவை, விரலெல்லாம் கீறல். சிஸ்டர் அவர்களை உள்ளே விடமாட்டார். "கவிச்சி தாங்கல. அங்கயே நில்லு" என்று வராந்தாவிலேயே பேரைக் கேட்டு, மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றுவதே கிடையாது. நோட்டில் மட்டும் எல்லோருக்கும் ஒரே எண்.

அன்று தோணிரேவு கிராமத்திலிருந்து வந்தவளுக்கு எட்டாம் மாதம். இரண்டு காலும் வீங்கியிருந்தன. "இன்னா, காலு இப்படி கீது?" என்று நான்தான் கேட்டேன். "ஏரித் தண்ணில நின்னா வீங்காதாக்கா? உனுக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம். நானும் தலையாட்டிவிட்டுப் பெருக்க ஆரம்பித்தேன்.

"நூத்தியிருவது எம்பதுன்னு போட்டு அனுப்பு" என்றார் சிஸ்டர், காட்டூரிலிருந்து வந்த பயிற்சிப் பெண்ணிடம். துடைப்பத்தோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்தப் பெண் எழுதினாள். பிறகு என்ன தோன்றியதோ, வராந்தாவுக்குப் போய்க் குனிந்து, அந்தக் காலில் விரலை அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது. பட்டையை எடுத்துவர ஓடினாள்.

"ஏம்மா, நீ நர்சுக்குப் படிக்கிறியா, டாக்டருக்குப் படிக்கிறியா?" என்றார் சிஸ்டர்.

அவள் பட்டையைச் சுற்றினாள். இரண்டு முறை அளந்தாள், முன்பு எழுதியதை அடித்துப் பக்கத்தில் நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து என்று எழுதினாள், நோட்டோடு டாக்டரிடம் போனாள். மதியத்துக்குள் தோணிரேவுக்காரியைப் பொன்னேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் டாக்டர் நோட்டை விரித்து, முதல் எண் எப்படி வந்தது என்று கேட்டார்.

"அவ கையெழுத்துதான சார். அளக்காமயே போட்டுட்டு, அப்புறம் பயந்து திருத்திருக்கா" என்றார் சிஸ்டர்.

"நீங்கதான போடச் சொன்னீங்க, சிஸ்டர்?" என்றாள் அந்தப் பெண்.

"நானா? எவளாச்சும் கேட்டாளா?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ அங்கதானம்மா இருந்த?"

வேலை போனால் என்ன செய்வது, அடுத்து எங்கே போய் நிற்பது என்று ஒரு நொடிக்குள் என்னென்னவோ ஓடியது. "நான் கவனிக்கலீங்க சார்" என்றேன்.

சிஸ்டர் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பெண் அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. கடைசி நாள் என்னிடம் வந்து, "பரவால்லக்கா, உங்களுக்கும் வேலை வேணுமில்ல" என்றாள். திட்டியிருக்கலாம்.

அந்த வேலையும் இரண்டு வருடத்தில் போய்விட்டது. இப்போது பிள்ளைத்தாய்ச்சி யாருக்காவது கால் வீங்கியிருந்தால் நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிறேன். பட்டையைச் சுற்றும்வரை நகர்வதில்லை. அதனாலும் மனம் ஆறின பாடில்லை. பாத்திரம் தேய்க்கும்போது சில நாள் என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: "சிஸ்டர்தான் சார் எழுதச் சொன்னாங்க. என் காதால கேட்டேன்."

"இன்னாடி சொன்ன?" என்பார் என் வீட்டுக்காரர், உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல" என்பேன்.